மேஸ்திரிக்குத் தைத்த பெல்ட்

கட்டட வேலை நடக்கிற இடத்தில் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. கொக்கி சார் என்றால்தான் தெரியும். காலையில் சாரம் ஏறப்போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, பின்னால் போய் நின்று, இடுப்பு பெல்ட்டை ஒரு இழுப்பு, தோள்நாடாவை ஒரு இழுப்பு, கடைசியாகக் கொக்கியைப் பிடித்து ஆளே தள்ளாடுகிற மாதிரி ஒரு இழுப்பு. அதன் பிறகுதான் "ம், போ" என்று விடுவார். பெயின்ட் அடிப்பவர்களும் பூச்சுவேலைக்காரர்களும் அவரைக் கேலி பேசாத நாள் கிடையாது.

"சார், வீட்ல தூங்கும்போதும் கட்டில்ல கொக்கி மாட்டிட்டுத்தான் தூங்குவீங்களா?"

அவர் சிரிக்க மாட்டார். கட்டிலுக்குத் தடுப்பு வைத்தால் நல்லதுதானே என்று அந்தக் கேலியையும் நியாயமாக யோசித்துப் பார்க்கிற ஆள் அவர்.

பயம் அவருக்குப் பிறவியிலேயே உண்டு. இளவயதில் பெயின்ட் கலக்கிக் கொடுக்கிற வேலைக்கு வந்தவர், ஏணியில் இரண்டு படிக்கு மேல் கால் வைக்க மறுத்துவிட்டார். கெஞ்சிப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள். படியில் நின்றபடி வெலவெலத்துப் போனாரே தவிர ஏறவில்லை. வேறு இடமாக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அங்கிருந்த இன்ஜினியர் கொஞ்சம் விவரமான மனிதர். இவன் கட்டுகிற கயிற்றில் மட்டும் ஒன்றுக்கு இரண்டாக முடிச்சு இருக்கிறது, மற்றவர்கள் கட்டியதையும் போய்ப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறான் என்பதைக் கவனித்தார். "இனிமே நீ பயப்படு, அவங்க வேலை பார்க்கட்டும்" என்று சொல்லி, பெல்ட்டையும் கயிற்றையும் சரிபார்க்கிற வேலையில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அவருடைய பயத்துக்குத்தான் சம்பளம்.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு வேதம். கையால் பிடித்திருப்பது பிடித்த கணக்கில் சேராது. கை வியர்க்கும், மரத்துப்போகும், தும்மல் வந்தால் விட்டுவிடும். இரும்பில் கொக்கியை மாட்டினால்தான் ஆள் பிடியில் இருக்கிறான் என்று அர்த்தம். "கையில கெட்டியா பிடிச்சிருக்கேன் சார்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அந்தச் சாது மனிதருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வருமோ, அன்றைக்கு முழுக்க அவனை மேலே ஏற விடமாட்டார்.

இந்தப் பயம் மாலை ஆனதும் வேலையிடத்திலேயே நின்றுவிட்டால் பரவாயில்லை. அதுவும் அவரோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது. அவருடைய மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், சுறுசுறுப்பும் வாய்த்துடுக்கும் உள்ளவள். கல்யாணமான புதிதில் ஸ்கூட்டரில்தான் கடைக்குப் போவாள். ஓட்டாதே என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் திரும்பி வரும் வரை வெளிறிப்போய் வாசலில் நிற்பார், அவ்வளவுதான். அவள் வந்த பிறகும் அவருக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. கொஞ்ச காலத்தில் அவளே ஸ்கூட்டரை விற்றுவிட்டாள். கூட வேலை பார்க்கிற பெண்கள் நீச்சல் பழகப் போனபோது இவளும் ஆசையாகப் பையில் துண்டெல்லாம் எடுத்து வைத்தாள். இவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். துண்டை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். பரணில் எதையாவது எடுக்க ஸ்டூலில் ஏறினால் அவளுடைய இரண்டு கணுக்காலையும் இறுகப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பார். "இவரைக் கட்டிக்கிட்டு ஒரு பானையைக்கூட இறக்க முடியலைம்மா" என்று கடையில் சொல்லிச் சிரிப்பாள். கேட்கிறவர்களும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. மேஸ்திரி இருந்தது.

மேஸ்திரி சாம்பல் நிறப் பூனை. மருந்து வந்திறங்கிய ஓர் அட்டைப்பெட்டிக்குள் கண் சரியாகத் திறக்காத குட்டியாகக் கிடந்ததை அவள்தான் எடுத்து வந்தாள். வளர்ந்ததும் அது செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். வாலை நட்டுக்கொண்டு அறை அறையாகப் போகும். யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து, அதில் குற்றம் கண்டுபிடிக்கிற மாதிரி பார்க்கும். தான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது. அதனால்தான் அந்தப் பெயர்.

பகலெல்லாம் அது அவளுடைய பூனை. படுக்கப் போனால் அவருடையது. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கீழே விழுகிற கனவு வரும். உயரத்தில் எங்கிருந்தோ விழுந்துகொண்டே இருப்பார், தரை வரவே வராது. மேஸ்திரி வந்த பிறகு அது நின்றுபோனது. அது அவர் நெஞ்சின் மேல் ஏறிச் சுருண்டுகொள்ளும். அந்தப் பாரம் மேலே இருக்கிற வரைக்கும் எங்கேயும் விழ முடியாது என்று அவர் உடம்பு நம்பியது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவிக்குத் தெரியும்.

வீடு நாலாவது மாடியில். ஒரு நாள் மாலை வேலை முடிந்து தெருவில் வந்துகொண்டிருந்தவர் வழக்கம்போல அண்ணாந்து தன் வீட்டுப் பால்கனியைப் பார்த்தார். கைப்பிடிக் கம்பியின் மேல் மேஸ்திரி நடந்துகொண்டிருந்தது. நாலு விரல் அகலக் கம்பி. அந்த முனையில் ஒரு புறா. அவருக்குக் கத்த வாய் வரவில்லை. போகிற வருகிறவர்களுக்கு நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். புறா பறந்தது. மேஸ்திரி அலட்சியமாக உள்ளே குதித்துப் போனது. அவர் எழுந்திருக்கத்தான் வெகுநேரம் ஆயிற்று.

மறுநாளே பால்கனிக்கு இரும்பு வலை, ஜன்னலுக்கெல்லாம் இரும்பு வலை, குளியலறை வென்டிலேட்டருக்குக்கூட வலை. அப்பாடா என்று மூச்சு விட்டார். ஆனால் மேஸ்திரி வேறொரு பூனையாகிவிட்டது. கதவருகே உட்கார்ந்து அழுதது. தலையணையில் ஒன்றுக்குப் போனது. தன் வயிற்றை நக்கி நக்கி, முடியெல்லாம் உதிர்ந்து தோல் இளஞ்சிவப்பாகத் தெரிகிற அளவுக்கு நக்கித் தீர்த்தது.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "உடம்புல ஒண்ணுமில்லை. அடைச்சு வச்சிருக்கீங்க, மனசு கெட்டுப்போச்சு. இவன் வெளிக்காத்தைப் பார்த்து வளர்ந்தவன். பெல்ட் போட்டு, கயிறு கட்டி, தினமும் கொஞ்ச நேரம் கீழே கூட்டிட்டுப் போங்க."

"பூனையையா? நாய் மாதிரியா?"

"பழக்கினா வரும். அவசரப்படாம பழக்கணும். ஒண்ணே ஒண்ணு, கயிறு எப்பவும் உங்க கையிலயே இருக்கணும். எதுலயும் கட்டிப் போடாதீங்க. இது நாய் இல்லை, எப்ப எங்க தாவும்னு சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள். "இங்க பாருங்க. ஒண்ணு இவனை வெளிய கூட்டிட்டுப் போறோம். இல்லைன்னா எங்க அண்ணன் வீட்டுக்குக் குடுத்துடலாம். அங்க தோட்டம் இருக்கு, ஓடியாடி பிழைச்சுக்குவான். இவனை ஜெயில்ல போட்டுச் சாகடிக்க என்னால முடியாது."

வெளியே என்றால் வண்டி, நாய், பள்ளம், மரம், மின்கம்பி. அண்ணன் வீடு என்றால் வெறும் நெஞ்சோடு படுக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பெல்ட் நான் பார்த்துக்கறேன்" என்றார்.

கடையில் விற்கிற பூனை பெல்ட்டை வாங்கி வந்து இரண்டு கையாலும் ஓர் இழு இழுத்தார். பிளாஸ்டிக் பூட்டு படக்கென்று விட்டுக்கொண்டது. "இது பொம்மைக்குப் போடறது" என்று தூக்கிப் போட்டார். வேலையிடத்தில் புதிதாக வந்த பெல்ட் நாடாவில் மீந்ததை எடுத்துக்கொண்டு பை தைக்கிற கடைக்குப் போனார். பக்கத்தில் நின்று, தையல் ஒவ்வொன்றையும் குறுக்கும் நெடுக்குமாகப் போட வைத்தார். கழுத்துக்கு ஒரு பட்டை, வயிற்றுக்கு ஒரு பட்டை, இரண்டையும் முதுகில் சேர்க்கிற இரும்பு வளையம். எப்படித் திமிறினாலும் கழன்று வராது. கயிற்றின் மறுமுனைக்கு, சாரத்தில் போடுகிற அதே கொக்கி. அதைத் திறக்க இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும், பாரம் தொங்கும்போது என்ன செய்தாலும் திறக்காது. கடைசியில் முழு சிமென்ட் மூட்டை ஒன்றை அதில் தொங்கவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது பூனைக்கா, யானைக்கா?" என்று கேட்டாள் மனைவி.

பழக்குகிற வேலையில் மட்டும் டாக்டரம்மா சொன்னதை அப்படியே செய்தார். முதலில் பெல்ட்டைச் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் சும்மா போட்டு வைத்தார். மேஸ்திரி முகர்ந்து பார்த்தது, அதன் மேலேயே படுத்துத் தூங்கியது. பிறகு ஒரு நாள் முதுகில் லேசாகப் போட்டார். பிறகு பூட்டினார். பூட்டின மாத்திரத்தில் மேஸ்திரி வெட்டின மரமாகப் பக்கவாட்டில் சாய்ந்து, நாலு காலையும் விறைத்து நீட்டிக்கொண்டது. அவருக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, மூச்சு நின்னுடுச்சு!" என்று அலறினார். மனைவி ஒரு மீன் துண்டை எடுத்து அதன் மூக்குக்கு நேரே காட்டினாள். செத்த பூனை எழுந்து வந்து சாப்பிட்டது.

சில நாளில் பெல்ட்டோடு வீட்டுக்குள் நடந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போவார். கட்டிலுக்கு அடியில் அது நுழைந்தால் அவரும் முழங்காலில் தவழ்வார். வாசலைத் தானாகத் தாண்ட மட்டும் பழக்கவே கூடாது, பிறகு கதவு திறந்தபோதெல்லாம் ஓடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அதனால் பையில் வைத்துத்தான் கீழே இறக்கினார்கள். குடியிருப்புக்குப் பின்னால் துணி காயப்போடுகிற சின்ன இடம். புல் கொஞ்சம், கொடிக்கம்பி கட்டிய இரும்புத் தூண் ஒன்று, ஆளைவிட உயரமான மதில். மதிலோரம் யாரோ அடுக்கிவிட்டு மறந்துபோன பழைய செங்கல்.

முதல் நாள் மேஸ்திரி பையை விட்டு வரவில்லை. இரண்டு காதும் வெளியே, மீதியெல்லாம் உள்ளே. அடுத்த நாள் ஒரு முன்னங்கால் புல்லைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. அதற்கப்புறம் மெதுவாக வெளியே வந்தது. வயிறு தரையில் உரச உரச நடந்தது. ஒரு வெயில் நாளில் புல்லில் மல்லாந்து புரண்டது. வாய் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார் அவர். வயிற்றில் முடி மறுபடியும் முளைக்க ஆரம்பித்திருந்தது.

ஆனால் நிம்மதி வரவில்லை. அவருடைய உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா கையில் பிடி என்றாளே, அந்தக் கைமேல்தான் அவருக்கு நம்பிக்கையில்லை. கயிற்றைக் கையிலும் சுற்றிக்கொண்டார், அதன் மறுமுனைக் கொக்கியை இரும்புத் தூணிலும் மாட்டினார்.

"கட்டிப் போடக் கூடாதுன்னாங்களே" என்றாள் மனைவி.

"கட்டலையே. மாட்டித்தானே இருக்கேன். என் கைக்கு ஏதாவது ஆயிட்டா?"

இத்தனை வருஷம் இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியவள் அவள். விட்டுவிட்டாள்.

அந்த விடுமுறை நாள் காலையில் மேஸ்திரி செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம், பின் சந்துக்கு அப்பால் இருந்த காலி மனையில், லாரியிலிருந்து தகரத் தகடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ கை நழுவ விட்டிருக்க வேண்டும். மொத்தத் தகரமும் ஒரேயடியாகச் சரிந்தது. இடி விழுந்தாலும் அப்படிச் சத்தம் வராது. மேஸ்திரி எழும்பியதை அவர் பார்க்கவில்லை. உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு கயிறு ஓடியதைத்தான் உணர்ந்தார். மதில் உச்சியில் ஒரு சாம்பல் வால். பிறகு அதுவும் இல்லை.

கயிறு முழுக்க ஓடி, கொக்கி டங்கென்று தூணில் இழுபட்டு நின்றது.

"பிடிச்சிடுச்சு!" என்று கத்தினார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கம் தரை இன்னும் தாழ்வு. மேஸ்திரி தரையில் இல்லை. தொங்குகிறது.

மதில் விளிம்பின் மேல் கயிறு விறைத்துக்கொண்டு நடுங்கியது. அந்த நடுக்கத்திலேயே அது எப்படி உதைத்துக்கொள்கிறது என்று தெரிந்தது. "நான் சுத்திக்கிட்டுப் போறேன்!" என்று அவள் ஓடினாள். சுற்றுவதென்றால் முன்வாசல், தெரு, மூலை, பிறகு பின் சந்து. பெல்ட்டில் தொங்குகிற ஆள் எவ்வளவு நேரம் தாங்குவான் என்பதை ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவர் அவர். தொங்குவது பூனை. அதன் கழுத்தில் ஒரு பட்டை. அந்தப் பட்டையைப் போட்டதும் அவர்தான்.

இழுத்துப் பார்த்தார். கயிறு விளிம்பில் கரகரவென்று உரசியது. அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. பூனை போடுகிற சத்தமே இல்லை அது, தொண்டைக்குள் யாரோ நெரிக்கிற சத்தம். சட்டென்று விட்டார். செங்கல் மேல் ஏறிப் பார்க்கலாம் என்று காலை வைத்தார். அடுக்கு ஆடியது. காலை எடுத்துவிட்டார். அந்த நேரத்திலும் எடுத்துவிட்டார். தன்மேல் அவருக்கு அப்படி ஓர் அருவருப்பு வந்தது.

மிச்சம் இருந்தது கொக்கிதான். வாழ்நாளில் ஒரு தடவைகூட, பாரத்தோடு இருக்கிற கொக்கியை அவர் திறந்ததில்லை. திறந்தவனை வேலையை விட்டே துரத்தியிருக்கிறார். அழுத்தினார். திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? பாரம் தொங்கும்போது திறக்காது என்பதற்காகத்தானே தேடிப் பிடித்து அதைப் போட்டார். திறக்க வேண்டுமென்றால் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தளர்த்த வேண்டுமென்றால் மறுபடி இழுக்க வேண்டும். இழுத்தால் அந்தச் சத்தம்.

இழுத்தார். சத்தம் வந்தது. வாய்விட்டு அழுதுகொண்டே ஒரு கையால் இழுத்துப் பிடித்தபடி மறு கை விரல்களால் அழுத்தினார். ரத்தத்தில் விரல் வழுக்கியது. இன்னொரு தரம். கொக்கி வாயைத் திறந்தது.

கயிறு அவர் கையை விட்டு வழுக்கி, முகத்தை உரசிக்கொண்டு மதில் மேல் ஏறி மறைந்தது. அந்தப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. அவர் மதிலில் காதை வைத்துக்கொண்டு நின்றார். மூச்சிரைக்க அவளுடைய குரல்தான் கேட்டது.

"காணோங்க! இங்க இல்லை! ஓடிட்டான்!"

உயிரோடு ஓடியிருக்கிறது. ஆனால் அந்த நிம்மதி அவரிடம் நிமிஷம்கூடத் தங்கவில்லை. கயிறும் அதோடு போயிருக்கிறது. முனையில் அந்தக் கொக்கி. எங்கேயாவது மாட்டும், மாட்டாமல் இருக்காது. வேறு பெல்ட்டாக இருந்தால் பிய்த்துக்கொண்டு தப்பிக்கும். இது பிய்யாது, கழலாது, அறுபடாது. சிமென்ட் மூட்டையைத் தாங்கிய பெல்ட். தான் இவ்வளவு நன்றாக வேலை செய்தோமே என்று அன்றைக்கு அவர் பட்ட வேதனை கொஞ்சநஞ்சமில்லை.

தேடினார்கள். சந்தில், சாக்கடை ஓரத்தில், நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு அடியில், கடைகளின் பின்கட்டுகளில். "மேஸ்திரி! மேஸ்திரி!" என்று அவர் தொண்டை கிழியக் கூப்பிடுவதைக் கேட்டு, காலி மனையில் வேலை செய்தவர்கள் தங்கள் மேஸ்திரியை எழுப்பிக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை. பூனை என்று அவள்தான் விளக்கிச் சொன்னாள். அதைக் கேட்ட லாரி டிரைவர், "அந்த இரும்புக் குழாய்ப் பக்கம் ஏதோ சத்தம் வந்துச்சு, எலின்னு நினைச்சேன்" என்றார்.

மனையின் மூலையில் சாரக் குழாய்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அடுக்கவில்லை, கொட்டியிருந்தார்கள். கட்டு இல்லை, முட்டுக்கொடுக்கவில்லை. ஒன்றை உருவினால் மொத்தமும் உருளும். அவருடைய வேலையிடமாக இருந்தால் அதைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி ஒருவரையும் கிட்டே விட்டிருக்க மாட்டார். குனிந்து பார்த்தார். குழாய்களுக்கு நடுவே கொக்கி இறுகிச் சிக்கியிருந்தது, அங்கிருந்து அடியில் இருட்டுக்குள் கயிறு போனது. உள்ளே இரண்டு கண்.

"யாரையாவது கூப்பிடலாங்க. கிரேன் இருக்கும்" என்றாள் அவள்.

"கிரேன் தூக்கினா உருளும்" என்றார். டிரைவரிடம் கத்தி ஒன்று வாங்கிக்கொண்டார். குப்புறப் படுத்து உள்ளே நகர்ந்தார்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஒவ்வொரு அங்குலத்துக்கும் பயந்தார். மேலே ஒரு குழாய் முனகியது. அவர் கொஞ்ச நேரம் மூச்சை நிறுத்திக்கொண்டார். பல் அடித்துக்கொள்கிற சத்தம் அவருக்கே கேட்டது. ஆனால் நகர்ந்தார். கை எட்டியது. "வந்துட்டேன்டா, வந்துட்டேன்" என்று கயிற்றைத் தொட்டதுதான் தாமதம், மேஸ்திரி அவர் கை மேல் பாய்ந்தது. பல்லும் நகமுமாகக் கிழித்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கிழிக்கிற கையைக் கிழிக்க விட்டுவிட்டு மறு கையால் கத்தியைப் பட்டையில் வைத்து அறுத்தார். லேசில் அறுபடவில்லை. குறுக்கும் நெடுக்குமாகப் போட்ட தையல் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. கடைசியில் பட்டை விட்டதும் மேஸ்திரி அவருடைய முகத்தை மிதித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. வெளியே அவள் பையை விரித்துப் பிடித்தபடி குந்தியிருந்தாள். நேரே அதற்குள் போய் விழுந்தது.

டாக்டரம்மா தடவித் தடவிப் பார்த்தாள். எலும்பு எதுவும் முறியவில்லை. கழுத்திலும் கக்கத்திலும் தோல் உரிந்திருந்தது. "பிழைச்சான், போங்க" என்றாள். கயிற்றை எங்கே மாட்டியிருந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவர் கையில் சுற்றியிருந்த துணியையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "நீங்களும் ஊசி போட்டுக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

புண் ஆறியது. மேஸ்திரி பழையபடி சாப்பிட்டது, பழையபடி அவளுடைய வேலையை மேற்பார்வை பார்த்தது. அவள் புதிதாக ஒரு லேசான பெல்ட் வாங்கிப் போட்டு, கயிற்றை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு தினமும் கீழே கூட்டிப் போனாள். அதற்கும் அது மறுக்கவில்லை. அவர் ஒருத்தரைத்தான் அதற்கு ஆகவில்லை. மாடிப்படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும். அவர் தூங்குகிற வரைக்கும் அங்கிருந்து அசையாது.

அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். இடுப்பில் தொங்குகிற சாவிக்கொத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு படியேறினார். நாடா வாசனை போகட்டும் என்று வந்ததும் வராததுமாகக் குளித்தார். மீனைத் தன் கையாலேயே நறுக்கித் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தார். மீன் காய்ந்தது. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தால், அது முகத்தைச் சுவரோடு திருப்பி வைத்துக்கொண்டு நடுங்கியது. அவருக்கு அந்த நடுக்கம் நன்றாகத் தெரியும். பிறந்ததிலிருந்து அவர் உடம்பிலேயே இருக்கிறது அது. இன்னோர் உயிருக்கு அதைத் தானே கொடுத்துவிட்டோம் என்பதுதான் பொறுக்கவில்லை. கீழே விழுகிற கனவு திரும்பி வந்துவிட்டது. அதைக்கூட அவர் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு மாலை, அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வாசல்நிலையில் வந்து நின்றார்.

"உங்க அண்ணன்கிட்ட பேசும்மா" என்றார். "மேஸ்திரியை அங்கயே குடுத்துடலாம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "இப்ப எதுக்கு? நல்லாத்தானே இருக்கான்."

"நான் வீட்ல இல்லாதப்போ நல்லா இருக்கான். நான் வந்துட்டா நடுங்கறான். ஒருத்தனுக்குப் பயந்துக்கிட்டு ஒரே வீட்ல எப்படிம்மா காலம் தள்ளறது? பாவம் இல்லையா?" படுக்கையறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "எனக்கு வேணும்தான். ஆனா இது நியாயமில்லை. போய் நல்லா இருக்கட்டும்."

நறுக்கியதைப் பாத்திரத்தில் வழித்துப் போட்டாள். அவளிடம் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. அவரைத் தேற்றுகிற மாதிரிதான் சொன்னாள்.

"எங்கயும் அனுப்ப வேண்டாம், விடுங்க. போகப்போகப் பழகிக்குவான். நான் பழகிக்கலையா?"

சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கத் திரும்பிக்கொண்டாள். தான் சொன்னதை அவள் கவனித்தாளா என்றுகூடத் தெரியவில்லை. அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். அவளிடம் என்னவோ கேட்க வாயெடுத்தார். என்ன பதில் வருமோ என்று பயந்து, கேட்காமல் நின்றார்.